போக்கரில் ஏர்லி பொசிஷனிலிருந்து பெட் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் எல்லாம் நோ-லிமிட் (பெட் அளவுக்கு உச்சவரம்பு இல்லாத) டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்துக்கானவை. தனியாகச் சொல்லாத இடங்களில் 9 பேர் மேசை, ஆளுக்கு 100 பிக் பிளைண்ட் (இரண்டு கட்டாயப் பந்தயங்களில் பெரியது) ஸ்டாக், அதாவது கையிருப்பு, ஆன்ட்டி (பிளைண்டுக்கு மேல் போடும் கட்டாயப் பணம்) இல்லாத கேஷ் கேம் (நேரடிப் பணத்துக்கான ஆட்டம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுகள் பிக் பிளைண்ட் கணக்கில் இருக்கும், சுருக்கமாக பி.பி. என்று எழுதியிருக்கிறோம்.

ஏர்லி பொசிஷன் என்பது எந்தெந்த இருக்கைகள்?

பிக் பிளைண்டுக்கு இடப்பக்கம் இருக்கும் முதல் இருக்கை 'அண்டர் தி கன்'. சீட்டு போட்டதும் முதலில் பேச வேண்டியவர் அவர்தான். 9 பேர் மேசையில் அதுவும் அடுத்துள்ள இரண்டும் ஏர்லி பொசிஷன். அவர்களுக்குப் பின்னால் முறையே 8, 7, 6 பேர் பேச இருக்கிறார்கள். 6 பேர் மேசையில் அண்டர் தி கன் ஒன்று மட்டுமே இந்தக் கணக்கில் வரும். அதற்குப் பின்னால் 5 பேர்தான் என்பதால், அது 9 பேர் மேசையின் லோஜாக் (ஏர்லி பொசிஷனுக்கு அடுத்த) இருக்கைக்குச் சமம். அதனால் எந்தக் கைகளை ஆடலாம் என்று 6 பேர் மேசைக்குப் போட்ட அட்டவணையை 9 பேர் மேசைக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. நிறைய பேர் பணம் விடுவது இங்கேதான் தொடங்குகிறது.

ஸ்மால் பிளைண்டும் பிக் பிளைண்டும் ஃபிளாப்புக்குப் (மேசையில் விரிக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) பிறகு முதலில் பேசினாலும், ஃபிளாப்புக்கு முன் கடைசியில் பேசுகிறார்கள், கட்டாயப் பணமும் போட்டிருக்கிறார்கள். அவர்களுடைய ஆட்டம் வேறு. இங்கே அதைத் தொடவில்லை.

முன் இருக்கையில் இவ்வளவு இறுக்கமாக ஆட வேண்டுமா?

வேண்டும். காரணம் வெறும் எண்ணிக்கை. இரண்டு சீட்டுகளுக்கு மொத்தம் 1326 சேர்க்கைகள் உண்டு. அதில் ஏஸ் ஜோடி 6, கிங் ஜோடி 6, குயின் ஜோடி 6, ஏஸ்-கிங் 16, ஆக 34. ஒருவரிடம் இதில் ஒன்று இருக்கும் வாய்ப்பு 2.6 சதவீதம். பட்டனில் (ஃபிளாப்புக்குப் பிறகு கடைசியில் பேசும் இருக்கை) இருப்பவருக்கு எதிரே இரண்டு பேர்தான். அவர்களில் ஒருவரிடமாவது இந்தக் கைகளில் ஒன்று இருக்க 5 சதவீதம். அண்டர் தி கன்னில் எதிரே 8 பேர். அந்த வாய்ப்பு 19 சதவீதம் ஆகிவிடுகிறது. சிறந்த 5 சதவீதக் கைகளை எடுத்துக்கொண்டால், 8 பேரில் ஒருவரிடமாவது அப்படி ஒரு கை ஏறத்தாழ மூன்றில் ஒரு தடவை இருக்கும்.

இரண்டாவது காரணம் ஃபிளாப்புக்குப் பிறகு தெரியும். உங்களை கால் பண்ணுகிறவர் (உங்கள் தொகைக்குச் சமமாகப் போடுபவர்) பிளைண்டில் இல்லையென்றால், ஃபிளாப், டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு), ரிவர் (ஐந்தாவது) மூன்றிலும் அவர் உங்களைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். நீங்கள் செக் பண்ணினால் (பணம் போடாமல் விட்டால்) இலவசச் சீட்டு எடுப்பதா, பெட் கட்டுவதா என்பது அவர் விருப்பம். நடுத்தரமான கை வைத்திருப்பவருக்கு இது பெரிய சுமை. கணினி அந்தக் கைக்கு 45 சதவீத வெற்றி வாய்ப்பு என்று காட்டினாலும், பாட்டில் (நடுவில் சேர்ந்த பணத்தில்) அந்தப் பங்கு உங்கள் கையில் வந்து சேராது. ரிவர் வரை போகாமலேயே பல தடவை ஃபோல்டு பண்ண (சீட்டை விட்டு விலக) நேரும்.

அப்படியானால் எந்தக் கைகளை ரைஸ் பண்ணலாம் (தொகையை ஏற்றலாம்)?

அண்டர் தி கன்னுக்கு ஓர் அடிப்படைத் தொகுப்பு: 7 முதல் ஏஸ் வரை எல்லா ஜோடிகள் (48 சேர்க்கைகள்), ஒரே சூட்டில் (ஸ்பேட், ஹார்ட் போன்ற ஒரே இனத்தில்) ஏஸ்-10 முதல் ஏஸ்-கிங் வரை (16), ஒரே சூட்டில் கிங்-ஜாக், கிங்-குயின் (8), ஒரே சூட்டில் குயின்-ஜாக், ஜாக்-10 (8), வேறு சூட்டில் ஏஸ்-கிங், ஏஸ்-குயின் (24). கூட்டினால் 104, அதாவது 7.8 சதவீதம். புதிதாக ஆடுபவருக்கு இது போதும். இதில் எந்தக் கையும் ஃபிளாப்புக்குப் பிறகு பெரிய குழப்பத்தில் மாட்டிவிடாது.

ஃபிளாப்புக்குப் பிறகான ஆட்டம் கைவந்தவர்கள் இதோடு 6 ஜோடி, ஒரே சூட்டில் கிங்-10, 10-9, ஏஸ்-5, ஏஸ்-4, வேறு சூட்டில் ஏஸ்-ஜாக் ஆகியவற்றைச் சேர்க்கலாம். 34 சேர்க்கைகள் கூடி மொத்தம் 138 ஆகும், 10.4 சதவீதம். அதற்கு மேல் விரித்தால் ரேக் (ஆட்டம் நடத்துபவரின் பங்கு) எடுக்கும் மேசைகளில் லாபம் மிஞ்சாது. அடுத்த இரண்டு இருக்கைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக 12, 13 சதவீதம் வரை போகலாம். 6 பேர் மேசையில் அண்டர் தி கன்னுக்கு 15 முதல் 18 சதவீதம் சரியாக இருக்கும்.

ஏஸ்-9, ஏஸ்-8 இருக்கும்போது சிறிய ஏஸ்-5 எதற்கு என்று கேட்கலாம். ஏஸ்-5 ஸ்ட்ரெயிட் (ஐந்து தொடர் சீட்டுகள்) அடிக்கும், பெரிய ஃபிளஷ் (ஒரே சூட்டில் ஐந்து சீட்டுகள்) அடிக்கும். எதிராளி 3-பெட் (உங்கள் ரைஸுக்கு மேல் மறு ரைஸ்) போட்டால் அவரிடம் ஏஸ் ஜோடி இருக்கும் வாய்ப்பைக் குறைக்கவும் செய்யும். ஏஸ்-9 பெரும்பாலும் ஒரு ஏஸ் ஜோடியைத்தான் அடிக்கும். அப்போதும் எதிரே இருக்கும் ஏஸின் துணைச் சீட்டு உங்களுடையதைவிடப் பெரிதாக இருக்கும்.

வேறு சூட்டில் ஏஸ்-ஜாக்கும் கிங்-குயினும் பார்க்க அழகான கைகள்தானே? ஏன் தயங்க வேண்டும்?

முன் இருக்கையில் அதிகப் பணத்தை விழுங்கும் கைகள் இவைதான். நீங்கள் ரைஸ் பண்ணியதும் யார் கால் பண்ணுகிறார்கள், யார் மறு ரைஸ் பண்ணுகிறார்கள் என்று பாருங்கள். அண்டர் தி கன் ரைஸுக்கு விவரமானவர்கள் மதிப்புக் கொடுப்பார்கள். பலவீனமான ஏஸை ஃபோல்டு பண்ணிவிடுவார்கள். மிஞ்சுவது ஏஸ்-குயின், ஏஸ்-கிங், பெரிய ஜோடிகள். ஏஸ்-கிங்குக்கு எதிராக ஏஸ்-ஜாக் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் வெல்லும். ஃபிளாப்பில் ஏஸ் வந்தால் உங்களுக்கு மகிழ்ச்சி, அவருக்கு உங்களைவிட அதிக மகிழ்ச்சி. ஏஸ் வராவிட்டால் பாட் சிறியதாகவே முடியும். சிறிய பாட்டை வென்று பெரிய பாட்டைத் தோற்கும் இந்தக் கோணல் நீண்ட கணக்கில் உங்களைக் கரைத்துவிடும்.

வேறு சூட்டு கிங்-குயின் இதைவிட மோசம். ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி எல்லாமே அதை அமுக்கும். 9 பேர் மேசையில் அண்டர் தி கன்னில் ஃபோல்டு பண்ணுங்கள்.

ஒரே சூட்டாக இருந்தால் கதை மாறுகிறது. வெற்றி வாய்ப்பில் கூடுவது இரண்டு, மூன்று சதவீதம்தான். ஆனால் ஃபிளாப்பிலேயே ஃபிளஷ் டிரா (ஃபிளஷுக்கு ஒரு சீட்டு மட்டும் குறைவான நிலை) கிடைக்க 10.9 சதவீத வாய்ப்பு இருப்பதால், ஜோடி அடிக்காத ஃபிளாப்பிலும் பெட் கட்டத் தகுந்த கை உங்களிடம் இருக்கும்.

2 முதல் 5 வரை உள்ள சிறிய ஜோடிகளை ரைஸ் பண்ணலாமா?

9 பேர் மேசையில் பொதுவாக வேண்டாம். ஃபிளாப்பில் செட் (கையில் உள்ள ஜோடிக்கு அதே மூன்றாவது சீட்டு) அடிக்கும் வாய்ப்பு 11.8 சதவீதம், அதாவது எட்டரைத் தடவைக்கு ஒரு தடவை. அடிக்காத மற்றத் தடவைகளில் 4-4 வைத்துக்கொண்டு முதலில் பேசுவது சங்கடம். இடையில் ஒருவர் 3-பெட் போட்டால் செட்டைப் பார்க்காமலேயே போட்ட பணம் போய்விடும். எல்லோரும் 100 பி.பி.க்கு மேல் வைத்துக்கொண்டு, மறு ரைஸ் போடாமல் கால் மட்டுமே பண்ணும் மேசையாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். எதிராளிகளின் ஸ்டாக் 40 பி.பி. என்றால் செட் அடித்தாலும் வரும் பணம், அடிக்காத தடவைகளின் செலவை ஈடுகட்டாது.

ரைஸ் அளவு எவ்வளவு?

ஆன்லைன் கேஷ் கேமில் 2.5 முதல் 3 பி.பி. நேரடி மேசைகளில் எல்லோரும் கால் பண்ணிக்கொண்டே வருவார்கள். அங்கே 4 அல்லது 5 பி.பி. வரை போகலாம். உங்களுக்கு முன் யாராவது லிம்ப் பண்ணியிருந்தால் (ரைஸ் இல்லாமல் 1 பி.பி. மட்டும் போட்டிருந்தால்) ஆளுக்கு 1 பி.பி. கூட்டுங்கள்.

அளவை மாற்றினால் என்ன மாறுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுவில் இருப்பது 1.5 பி.பி. நீங்கள் 3 போட்டால், அந்த ரைஸ் தன்னளவிலேயே நட்டமில்லாமல் இருக்க எல்லோரும் 66.7 சதவீதத் தடவை ஃபோல்டு பண்ண வேண்டும், 2.5 போட்டால் 62.5, 2 போட்டால் 57. மறுபக்கம், பிக் பிளைண்டில் இருப்பவர் 3-க்கு எதிராக கால் பண்ண 30.8 சதவீத வெற்றி வாய்ப்பு வேண்டும், 2.5-க்கு 27.3, 2-க்கு 22.2 போதும். சிறிய ரைஸ் உங்களுக்கு மலிவு, அவருக்கும் மலிவு. எதிரே 8 பேர் இருக்கும்போது நட்டத்தைக் குறைக்க 2.5 நல்ல நடுவழி.

எந்த அளவைத் தேர்ந்தாலும் எல்லாக் கைகளுக்கும் அதையே போடுங்கள். ஏஸ் ஜோடிக்கு 4, ஜாக்-10-க்கு 2.5 என்று மாற்றுகிறவரை கவனமான எதிராளி ஒரு மணி நேரத்தில் படித்துவிடுவார். பிறகு உங்கள் 4-க்கு யாரும் வரமாட்டார்கள், 2.5-க்கு எல்லோரும் 3-பெட் போடுவார்கள்.

முன் இருக்கை ரைஸுக்கு மதிப்பு உண்டென்றால் குப்பைக் கையை வைத்துக்கூட ரைஸ் பண்ணிப் பார்க்கலாமே?

2.5 பி.பி. ரைஸ் 62.5 சதவீதத் தடவை எல்லோரையும் விரட்ட வேண்டும். 8 பேரும் தனித்தனியே 90 சதவீதம் ஃபோல்டு பண்ணினாலும், எல்லோரும் சேர்ந்து விலகுவது 43 சதவீதம்தான். 62.5 வர ஒவ்வொருவரும் 94 சதவீதத்துக்கு மேல் ஃபோல்டு பண்ண வேண்டும். ஏற்கெனவே 1 பி.பி. போட்டிருக்கும் பிக் பிளைண்ட் அப்படிச் செய்யமாட்டார்.

ரைஸ் பண்ணாமல் லிம்ப் பண்ணி மலிவாக ஃபிளாப் பார்த்தால் என்ன?

லிம்ப் பண்ணினால் பாட்டை அங்கேயே எடுக்கும் வாய்ப்பு போகிறது. பின்னால் இருக்கும் யாரும் 4, 5 பி.பி. ரைஸ் போட்டு உங்கள் 1 பி.பி.யைப் பறிக்கலாம். ரைஸ் வராவிட்டால் நான்கைந்து பேர் ஃபிளாப் பார்ப்பார்கள். அதில் முதலில் பேசுபவர்களில் நீங்கள் ஒருவர். பிக் பிளைண்ட் எந்தக் குப்பைக் கையோடும் இலவசமாக உள்ளே வருவார். அவரிடம் என்ன இருக்கிறது என்று ஊகிக்கக்கூட முடியாது.

பெரிய ஜோடியை லிம்ப் பண்ணிவிட்டு ரைஸ் வந்ததும் மறு ரைஸ் பண்ணுவது ஒரே ஒரு சூழலில் எடுபடும்: பின்னால் ஒருவர் லிம்ப்பைக் கண்டாலே ரைஸ் போடும் பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். அதையும் ஏஸ், கிங் ஜோடிகளுக்கு மட்டும் செய்தால் இரண்டாவது தடவை எல்லோருக்கும் புரிந்துவிடும். வழக்கமாக ஏஸ் ஜோடியையும் மற்றக் கைகளைப் போலவே 2.5-க்கு ரைஸ் பண்ணுவதுதான் அதிகப் பணம் கொண்டுவரும்.

ரைஸ் பண்ணியதும் ஒருவர் 3-பெட் போடுகிறார். என்ன செய்வது?

முன் இருக்கை ஆட்டத்தில் மிகக் கடினமான முடிவு இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

நீங்கள் 2.5 போட்டீர்கள், பட்டன் 8 போட்டார், பிளைண்டுகள் விலகிவிட்டார்கள். பாட்டில் 12 இருக்கிறது, நீங்கள் இன்னும் 5.5 போட வேண்டும். கால் பண்ணினால் பாட் 17.5, ஆக உங்களுக்கு வேண்டிய வெற்றி வாய்ப்பு 31.4 சதவீதம். ஆனால் முதலில் பேசும் குறை இருப்பதால் அந்த 31 காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. நடைமுறையில் 36, 37 இருந்தால்தான் நிம்மதி. இன்னொரு பக்கமும் பாருங்கள்: அவர் 4 பி.பி.யை வெல்ல 8 போட்டிருக்கிறார். நீங்கள் மூன்றில் இரண்டு தடவைக்கு மேல் ஃபோல்டு பண்ணினால், எந்தச் சீட்டு வைத்திருந்தாலும் அவருக்கு லாபம்.

138 சேர்க்கைகளில் தொடர வேண்டியவை ஏறத்தாழ பாதி. ஏஸ், கிங் ஜோடிகளை (12) 4-பெட் (3-பெட்டுக்கு மேல் மறு ரைஸ்) போடுங்கள். குயின், ஜாக், 10, 9 ஜோடிகளை (24) கால் பண்ணுங்கள். ஒரே சூட்டு ஏஸ்-கிங், ஏஸ்-குயின், ஏஸ்-ஜாக், கிங்-குயின் (16) கால். வேறு சூட்டு ஏஸ்-கிங்கை (12) பாதித் தடவை கால், பாதித் தடவை 4-பெட். ஒரே சூட்டு ஏஸ்-5-ஐ (4) பிளஃப் (வலுவில்லாத கையோடு மிரட்டும்) 4-பெட்டாகப் பயன்படுத்தலாம். உங்களிடம் ஒரு ஏஸ் இருப்பதால் எதிராளியிடம் ஏஸ் ஜோடி 6 சேர்க்கையிலிருந்து 3 ஆகவும், ஏஸ்-கிங் 16-லிருந்து 12 ஆகவும் குறைகிறது. மொத்தம் 68; அதாவது 49 சதவீதம். மீதியெல்லாம் ஃபோல்டு, வேறு சூட்டு ஏஸ்-குயினும் அதில் சேரும். பலருக்கு இதை விட மனம் வராது. 3-பெட் போட்டவரின் கைகளில் ஏஸ்-கிங்கும் பெரிய ஜோடிகளும் எவ்வளவு அடர்த்தி என்று பார்த்தால் விட்டுவிடுவீர்கள்.

4-பெட் அளவு 20 பி.பி. போதும். கூடுதலாக 17.5 போட்டு 12-ஐ வெல்லப் பார்க்கிறீர்கள். பிளஃப் தன்னளவில் நிற்க அவர் 59 சதவீதம் ஃபோல்டு பண்ண வேண்டும். 30-க்கு ஏற்றினால் அந்தத் தேவை 70-ஐத் தொடும். பிளஃபுக்கு அது கட்டுபடியாகாது.

இவ்வளவும் ஓரளவு சமநிலையாக ஆடும் எதிராளிக்கு எதிராக. குயின் ஜோடியும் அதற்கு மேலும் ஏஸ்-கிங்கும் மட்டுமே 3-பெட் போடும் ஆள் என்றால் கணக்கு வேறு. அவருடைய 34 சேர்க்கைகளில் 18 உங்கள் ஜாக் ஜோடியை நொறுக்கும்; 16-க்கு எதிராக மட்டும் சற்று முன்னால் இருப்பீர்கள். அவருக்கு எதிராக ஒரே சூட்டு ஏஸ்-குயினையும் விடுங்கள், ஏஸ்-5 பிளஃபையும் மறந்துவிடுங்கள். நேரடி மேசைகளில், சின்னப் பணத்தில், பெரும்பாலானவர்கள் இந்த வகைதான்.

பிக் பிளைண்ட் மட்டும் கால் பண்ணினால் ஃபிளாப்பில் எப்படி பெட் கட்டுவது?

முன் இருக்கைக்குக் கிடைக்கும் நல்ல நிலைமை இது. அவர் முதலில் பேசுவார், நீங்கள் பிறகு. பாட் 5.5 பி.பி.

ஏஸ்-கிங்-7, மூன்றும் வெவ்வேறு சூட் என்று வைத்துக்கொள்வோம். ஏஸ் ஜோடி (3 சேர்க்கை), கிங் ஜோடி (3), ஏஸ்-கிங் (9) எல்லாம் உங்களிடம் இருக்கலாம். அவர் அவற்றைப் பெரும்பாலும் ஃபிளாப்புக்கு முன்பே 3-பெட் போட்டிருப்பார். எனவே மூன்றில் ஒரு பங்கு பாட், அதாவது ஏறத்தாழ 1.8 பி.பி. பெட்டை எந்தக் கையோடும் கட்டலாம். அந்த பெட் 25 சதவீதத் தடவை ஃபோல்டு வாங்கினாலே தன் செலவை மீட்டுவிடும். அரை பாட் என்றால் 33 சதவீதம், முக்கால் பாட் என்றால் 43 சதவீதம் வேண்டும்.

7-6-5, இரண்டு ஒரே சூட் என்றால் நேர்மாறு. 9-8, 4-3 ஸ்ட்ரெயிட்டுகள், 7-6, 6-5 இரட்டை ஜோடிகள் எல்லாம் அவரிடம் இருக்கும். உங்களிடம் பெரும்பாலும் இருப்பது செட்டும் மேல் ஜோடியும் (ஃபிளாப்பின் எல்லாச் சீட்டையும்விடப் பெரிய கை ஜோடி). இங்கே அடிக்கடி செக் பண்ணி டர்ன் சீட்டைப் பாருங்கள். பெட் கட்டும்போது 9 முதல் குயின் வரையான ஜோடிகள் போன்ற பாதுகாப்புத் தேவைப்படும் கைகளை வைத்து, மூன்றில் இரண்டு பங்கு பாட் அல்லது அதற்கு மேல் கட்டுங்கள். ஏஸ்-கிங்கை வைத்து இந்த ஃபிளாப்பில் பெட் கட்டி, செக்-ரைஸ் (முதலில் செக் பண்ணியவர் பிறகு போடும் ரைஸ்) வாங்கி, ஃபோல்டு பண்ணுவது பணத்தைத் தூக்கிக் கொடுப்பதுதான். ஏஸ்-கிங் ஃபிளாப்பில் ஜோடியாவது அடிப்பது 32 சதவீதம் மட்டுமே என்பதை மனதில் வையுங்கள். மூன்றில் இரண்டு தடவை அது வெறும் உயர் சீட்டுதான்.

பட்டன் கால் பண்ணினால்?

பாட் 6.5 பி.பி. இப்போது மூன்று சுற்றிலும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும். ரைஸ் பண்ணியவர் ஃபிளாப்பிலும் பெட் கட்டியே தீர வேண்டும் என்ற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அவரிடம் 6 முதல் ஜாக் வரை ஜோடிகள், ஒரே சூட்டு ஏஸ்-ஜாக், கிங்-குயின், ஜாக்-10, 10-9 எல்லாம் இருக்கும். 9-8-6, 10-9-7 போன்ற ஃபிளாப்புகள் அவருக்கே உரியவை; நீங்கள் கிட்டத்தட்ட எல்லாக் கையோடும் செக் பண்ணலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. நல்ல கைகளில் சிலவற்றையும் செக் பண்ண வேண்டும். செட், பெரிய மேல் ஜோடி ஆகியவற்றை எப்போதும் பெட் கட்டிவிட்டு, ஒன்றுமில்லாததை மட்டும் செக் பண்ணினால், உங்கள் செக் ஒவ்வொன்றுக்கும் அவர் பெட் கட்டி பாட்டை எடுத்துக்கொள்வார். ஏஸ்-கிங்-4, கிங்-குயின்-3 போன்ற உயர் சீட்டு ஃபிளாப்புகளில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு பாட் தாராளமாகக் கட்டலாம்.

மூன்று நான்கு பேர் கால் பண்ணிவிட்டார்கள். பிளஃப் பண்ணலாமா?

கூடாது. ஒவ்வொருவரும் பாதித் தடவை ஃபோல்டு பண்ணினாலும் மூன்று பேரும் சேர்ந்து விலகுவது 12.5 சதவீதம். ஃபிளாப்பின் உயர்ந்த சீட்டோடு ஜோடியும் நல்ல துணைச் சீட்டும், அல்லது அதற்கு மேல் இருந்தால் பெட். வலுவான டிரா இருந்தால் சில சமயம் பெட். மற்றதெல்லாம் செக், பிறகு ஃபோல்டு. ஏஸ்-கிங் அடிக்காத ஃபிளாப்பில் மூன்று பேருக்கு எதிராக கட்டும் பெட்டுக்கு எந்த நியாயமும் இல்லை.

மேல் ஜோடி இருக்கிறது. எத்தனை தெருவுக்கு (சுற்றுக்கு) பெட் கட்டலாம்?

அளவுதான் முடிவு செய்யும். உங்களிடம் குயின் ஜோடி, ஃபிளாப் ஜாக்-8-4, பட்டன் கால் பண்ணிய பாட் 6.5. மூன்று தெருவிலும் அரை பாட் கட்டினால் 3.25, 6.5, 13 என்று மொத்தம் 22.75 போடுவீர்கள்; ரிவரில் பாட் 52. முக்கால் பாட் கட்டினால் ஏறத்தாழ 4.9, 12.2, 30.5 என்று 47 பி.பி.க்கு மேல் போகும்; பாட் 100-ஐத் தாண்டும். ஒரே கை, ஒரே ஃபிளாப். ஆபத்து இரு மடங்கு. 100 பி.பி. ஆழத்தில் ஒற்றை ஜோடிக்கு இரண்டு தெரு நல்ல பெட், மூன்றாவதில் செக் அல்லது சிறிய பெட் என்பதே பெரும்பாலும் சரி.

டர்னில் உங்கள் இரண்டாவது பெட்டுக்கு ரைஸ் வந்தால் நின்று யோசியுங்கள். அண்டர் தி கன்னில் ரைஸ் பண்ணி, ஃபிளாப்பிலும் டர்னிலும் பெட் கட்டியவரிடம் பெரிய ஜோடி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ரைஸ் பண்ணுகிறார். சாதாரண எதிராளியிடம் அது செட் அல்லது இரட்டை ஜோடி; குயின் ஜோடியை விடுங்கள்.

3-பெட் பாட்டில் இந்த எச்சரிக்கை தளரும். பாட் 17.5, மிச்ச ஸ்டாக் 92. ஸ்டாக் பாட்டைப் போல ஐந்து மடங்குதான். அங்கே மேல் ஜோடியை அவ்வளவு எளிதில் விடமுடியாது.

டூர்னமென்ட்டில் என்ன மாற வேண்டும்?

பிக் பிளைண்ட் ஆன்ட்டி (மேசை முழுவதற்கும் பிக் பிளைண்ட் ஒருவரே போடும் 1 பி.பி.) சேர்ந்தால் நடுவில் 1.5-க்குப் பதில் 2.5 பி.பி. இருக்கும். 2 பி.பி. ரைஸ் 44.4 சதவீத ஃபோல்டிலேயே தன் காலில் நிற்கும். எனவே அளவை 2 முதல் 2.3-க்குக் குறைத்து, கைகளைச் சற்று விரிக்கலாம். ஒரே சூட்டு ஏஸ்கள், கிங்-10, 5 ஜோடி எல்லாம் உள்ளே வரும்.

ஸ்டாக் 10 பி.பி.க்கு வந்துவிட்டால் சாதாரண ரைஸ் வேண்டாம். ஆல்-இன் (ஸ்டாக் முழுவதையும் போடுவது) அல்லது ஃபோல்டு. 6 ஜோடியும் அதற்கு மேலும், ஏஸ்-ஜாக்கும் அதற்கு மேலும், ஒரே சூட்டு ஏஸ்-10, கிங்-குயின் என்பது இறுக்கமான தொடக்கம்; 110 சேர்க்கைகள், 8.3 சதவீதம். அண்டர் தி கன்னில் ஃபோல்டு பண்ணினால் அடுத்த கையிலேயே பிளைண்டும் ஆன்ட்டியும் சேர்த்து 2 பி.பி., ஸ்டாக்கில் ஐந்தில் ஒரு பங்கு, போகும் என்பதால் சற்று விரிப்பதும் நியாயமே. பரிசு வரிசைக்கு ஓரிருவர் மட்டுமே மிச்சம் என்ற கட்டத்தில் மட்டும் திரும்பவும் இறுக்குங்கள். அங்கே வெளியேறுவதால் போகும் மதிப்பு, ஸ்டாக் இரட்டிப்பதால் வரும் மதிப்பைவிடப் பெரியது.

அண்டர் தி கன்னில் ஸ்ட்ராடில் போடுவது நல்லதா?

இல்லை. சீட்டைப் பார்க்காமல் 2 பி.பி. போடுகிறீர்கள். ஃபிளாப்புக்கு முன் கடைசியில் பேசும் உரிமை கிடைக்கிறது. ஃபிளாப்புக்குப் பிறகு அதே முன் இருக்கைதான். 100 பி.பி. ஸ்டாக் 50 ஸ்ட்ராடிலாகச் சுருங்குகிறது. மேசையில் பலவீனமானவர்கள் எல்லோரும் போட ஒப்புக்கொண்டால் ஆட்டம் பெரிதாவது உங்களுக்கு உதவலாம். நீங்கள் மட்டும் போட்டால் அது நன்கொடை.

நேரடி மேசையில் முதலில் பேசும்போது எதில் கவனம் வேண்டும்?

வாயால் 'ரைஸ்' என்று சொல்லிவிட்டுச் சிப்ஸ் வையுங்கள். சொல்லாமல் ஒரே ஒரு பெரிய சிப்பை வைத்தால் அது கால் என்றே கணக்கு. ஏஸ் ஜோடி வைத்துக்கொண்டு லிம்ப் பண்ணியவர் ஆகிவிடுவீர்கள். சொல்லாமல் இரண்டு தவணையாகச் சிப்ஸ் தள்ளினால் முதல் தவணை மட்டுமே செல்லும்.

பாட்-லிமிட் ஒமாஹாவில் (பெட் பாட் அளவைத் தாண்டக்கூடாத, நான்கு சீட்டு ஆட்டம்) இதெல்லாம் பொருந்துமா?

திசை பொருந்தும், அட்டவணை பொருந்தாது. முதலில் பேசுபவரின் அதிகபட்ச ரைஸ் 3.5 பி.பி. நான்கு சீட்டுகளும் ஒன்றோடொன்று சேர வேண்டும்: இரண்டு சூட் கொண்ட ஏஸ் ஜோடி, ஜாக்-10-9-8 போன்ற தொடர் சீட்டுகள். கைகளுக்கிடையே வெற்றி வாய்ப்பின் இடைவெளி ஹோல்டமைவிடக் குறைவு, ஃபோல்டும் குறைவு. எனவே முதலில் பேசுவதன் விலை இங்கே இன்னும் அதிகம்.

என் முன் இருக்கை ஆட்டம் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ஆன்லைனில் ஆடினால் கைகளைச் சேமிக்கும் மென்பொருளில் அண்டர் தி கன் இருக்கையை மட்டும் வடிகட்டுங்கள். தானாகப் பணம் போட்ட சதவீதமும் ரைஸ் பண்ணிய சதவீதமும் ஒன்றாக இருக்க வேண்டும். இடைவெளி இருந்தால் அவ்வளவு லிம்ப் நடக்கிறது. 3-பெட்டுக்கு ஃபோல்டு 50 முதல் 60-க்குள் இருந்தால் நல்லது. 67-ஐத் தாண்டினால் எதிராளிகள் கண்ணை மூடிக்கொண்டு 3-பெட் போடலாம். பிறகு 20 பி.பி.க்கு மேல் தோற்ற கைகளை மட்டும் எடுத்து, ஃபிளாப்புக்கு முன் எந்தச் சீட்டோடு உள்ளே போனீர்கள் என்று அடுக்குங்கள். ஏஸ்-ஜாக், கிங்-குயின், ஏஸ்-10 அந்தப் பட்டியலில் மீண்டும் மீண்டும் வந்தால், ஒரு மாதத்துக்கு அவற்றை அந்த இருக்கையில் ஃபோல்டு பண்ணிவிட்டு எண்களைத் திரும்பப் பாருங்கள். பட்டனில் வரும் லாபத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். நன்றாக ஆடுபவர்களுக்கும் அண்டர் தி கன் தருவது சிறிய லாபம்தான்.